ஒரே எழுத்து இரண்டு முறை வரும்போது

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, கேக் பெட்டி, புதுமனைப் புகுவிழா அழைப்பு என எந்த வேலையாக இருந்தாலும், வடிவமைப்புக்காக என்னிடம் வருகிறவர்கள் "பேரு மட்டும் கையால எழுதின மாதிரி வரணும்" என்று ஒரு முறையாவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஆங்கிலப் பெயருக்கு; அதாவது நான்கு கோடு நோட்டில் பள்ளிக் காலத்தில் பழகிய, எழுத்தோடு எழுத்து கோத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து ஓடும் கர்சிவ் எழுத்துக்கு. அதற்கான எழுத்துருக்கள் இலவசமாகவும் விலைக்கும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. மாதிரிப் பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் வரும் சொற்களை எழுத்துருவைச் செய்தவரே தேர்ந்தெடுத்திருப்பார். நம் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நான் முதலில் தட்டிப் பார்ப்பவை சரவணன், மீனாட்சி என்ற இரண்டு பெயர்கள். சரவணனை ஆங்கிலத்தில் எழுதினால் அதில் நான்கு 'ஏ' வரும். மீனாட்சியில் இரண்டு 'இ' தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். கையால் எழுதுகிறவர் அந்த இரண்டு 'இ'யையும் ஒன்றுபோல எழுத மாட்டார். எழுத நினைத்தாலும் முடியாது. முதல் 'இ' முன்னே நிற்கும் பெரிய 'எம்'மின் கடைசிக் காலிலிருந்து ஏறி வருகிறது, இரண்டாவது 'இ' முதலாவதின் வாலிலிருந்து கிளம்பி, அடுத்து வரும் 'என்'னின் வளைவுக்கு ஆயத்தமாகிறது. புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் வேறாக இருப்பதால் கண்ணியின், அதாவது எழுத்துக்குள் வளையும் சுழியின், அகலமும் சாய்வும் தாமாகவே மாறிவிடுகின்றன. சாதாரண எழுத்துருவோ ஒரு எழுத்துக்கு ஒரு வடிவத்தைத்தான் சேமித்து வைத்திருக்கிறது. இரண்டு 'இ'யும் ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல அச்சு அசலாக ஒன்றாக வந்து விழும்போது, பத்திரிகையைப் பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் இது கை எழுதியது அல்ல என்பது தெரிந்துவிடுகிறது. மெய்யெழுத்துகளை இரட்டிக்காமல் நமக்குப் பெயரே வைக்க வராது என்பதால் (அண்ணாமலை, முத்தம்மாள், செல்லப்பன்) இந்தச் சிக்கல் ஆங்கிலேயர்களைவிட நமக்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

கை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் தன் அக்கம்பக்கத்தைப் பார்த்து உருமாறுகிறது, அச்சில் அப்படி மாறுவதில்லை. இந்த இடைவெளியை மறைக்கச் செய்த தந்திரங்களின் தொகுப்புதான், என் கணக்கில், கர்சிவ் எழுத்துருக்களின் வரலாறு. முயற்சி புதிதல்ல. 1557-இல் பிரான்சின் லியோன் நகரில் ரோபேர் கிராஞ்சோன் தம் காலத்துப் பிரெஞ்சுக் கையெழுத்தைப் பார்த்து 'சிவிலித்தே' என்ற அச்செழுத்தை வெட்டினார். ஆனால் ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்த எழுத்தின் தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் கட்டையைத் தாண்டி நீளும், தாண்டிய மெல்லிய பகுதி அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் ஒடிந்துவிடும். ஒடியாமல் இருக்கக் கட்டைக்குள்ளேயே அடக்கினால் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை இடைவெளி விழும், சேர்த்தெழுதிய தோற்றமே போய்விடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஃபிர்மேன் திதோ ஆங்கில வட்டக் கையெழுத்தை அச்சில் கொண்டுவர, கட்டையையே எழுத்தின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்து வார்த்தார். கோப்பவருக்கு அது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்பது அச்சுக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும்.

அந்த வட்டக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று கல்யாணப் பத்திரிகைகளில் நாம் பார்க்கும் 'அரச குடும்பத்து' எழுத்துருக்களெல்லாம் அதன் வாரிசுகள். கூரான இறகுப் பேனாவையோ உலோக நிப்பையோ காகிதத்தில் அழுத்தினால் முனை இரண்டாகப் பிளந்து மை அகலமாக இறங்கும், அழுத்தத்தைத் தளர்த்தினால் பிளவு மூடிக்கொண்டு மயிரிழை போல ஒரு கோடு வரும். மேலிருந்து கீழே இழுக்கும்போதுதான் அழுத்த முடியும். கீழிருந்து மேலே தள்ளும்போது அழுத்தினால் நிப் காகிதத்தைக் குத்திக்கொண்டு மையைத் தெறிக்கும். எனவே இந்தப் பாணியில் இறங்கு கோடு தடிமனாகவும் ஏறு கோடு மெல்லியதாகவும் இருப்பதை ஓர் அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவி அப்படித்தான் எழுதவிடும். மலிவான எழுத்துருக்கள் சிலவற்றில் ஏறு கோடு தடித்து இருப்பதைப் பார்க்கிறேன். இப்படி எழுதக்கூடிய பேனா உலகத்தில் கிடையாது, அதை வரைந்தவர் பேனாவைப் பிடித்தே பார்க்கவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். 17, 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்தக் கையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களுள் ஒருவர் சார்லஸ் ஸ்னெல். அவருடைய எழுத்தை அடிப்படையாக வைத்து எழுத்துரு வடிவமைப்பாளர் மாத்யூ கார்ட்டர் 1966-இல் லினோடைப் என்ற அச்சுக்கோப்பு நிறுவனத்துக்காகச் செய்ததுதான் 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்'. அது, ஒளியால் ஃபிலிமில் எழுத்தைப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்புக்காகச் செய்யப்பட்டது என்பது முக்கியம்: ஃபிலிமில் எழுத்துக்குக் கட்டை கிடையாது, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் எல்லைக்குள் தாராளமாக நுழையலாம். நானூறு ஆண்டுகளாக இருந்த ஒடியும் தொல்லை அங்கேதான் தீர்ந்தது.

ஆனால் கட்டையோடு மல்லுக்கட்டிய காலத்திலேயே அதைச் சாமர்த்தியமாக வென்றவர் ஒருவர் உண்டு, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தவரும் அவர்தான். ரோஜே எக்ஸ்கொஃபோன், தெற்குப் பிரான்சின் மார்சேய் நகரத்துக்காரர். அங்கேயே இருந்த ஓலிவ் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக 1953-இல் தம் சொந்தக் கையெழுத்தை வைத்து 'மிஸ்த்ரால்' என்ற எழுத்துருவைச் செய்தார். அந்தப் பகுதியில் வடக்கிலிருந்து வீசும் குளிர்ந்த பலத்த காற்றின் பெயர் அது. மிஸ்த்ராலைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு சேர்ந்து வந்ததால் டிடிபி கடைகளின் கணினிகளிலெல்லாம் குடியேறி, அங்கிருந்து பேக்கரி, சலூன், லேடீஸ் டெய்லர், டிராவல்ஸ் பலகைகளுக்குப் போய்விட்டது. பார்த்துப் பார்த்து நமக்குச் சலித்துவிட்டதால் அதன் கெட்டிக்காரத்தனம் கண்ணில் படுவதில்லை.

மிஸ்த்ராலில் ஒரு சொல்லைத் தட்டி, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிய எழுத்துகள் ஒன்றோடொன்று தொடும் உயரம் மட்டும் மாறாமல் இருக்கிறது. மற்ற எல்லாம் ஆடுகின்றன. ஓர் எழுத்து கொஞ்சம் குள்ளமாக இருக்கும், அடுத்தது தலையைத் தூக்கும், சில எழுத்துகளின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். விளிம்புகள் மை காய்ந்த தூரிகையால் இழுத்தது போலப் பிசிறாக இருப்பதால், இணைப்பில் சிறு பிழை விழுந்தாலும் அது எழுத்தின் குணமாகவே தெரியும். மயிரிழையால் இணையும் வட்டக் கையெழுத்தில் அதே பிழை பல்லிளித்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே வடிவம்தான் என்ற விதியை எக்ஸ்கொஃபோனால் மாற்ற முடியவில்லை. அதனால் வெவ்வேறு எழுத்துகளுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டை அவர் கூட்டினார். கண் அந்த ஆட்டத்தைத் தொடர்வதில் மும்முரமாக இருக்கும்போது, அதே 'ஏ' மூன்றாம் முறை வந்ததைக் கவனிக்கத் தவறிவிடுகிறது. சரவணனின் நான்கு 'ஏ'யும் மிஸ்த்ராலில் எப்படித் தப்பிக்கின்றன என்பதற்கு இதுதான் விடை. மீனாட்சி மட்டும் கொஞ்சம் மாட்டிக்கொள்வாள்; அடுத்தடுத்து நிற்கும் இரட்டையை எந்த ஆட்டமும் மறைக்காது.

இரட்டையை மறைக்க ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வேண்டும், இடம் பார்த்து எதைப் போடுவது என்று முடிவு செய்யும் அறிவும் வேண்டும். அந்த அறிவு கணினியோடு வந்தது. பலட்டினோ, ஆப்டிமா போன்ற எழுத்துருக்களால் அறியப்பட்ட ஜெர்மானியர் ஹெர்மன் ஸாஃப் 1998-இல் 'ஸாஃபினோ'வை வெளியிட்டார். அதன் வேர் 1944-இல், போர்க்காலத்தில் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த கையெழுத்துகள். அவற்றை ஈயத்தில் கொண்டுவர வழியில்லாமல் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களோடு வந்த அந்த எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு சேர்த்தே தரப்படுகிறது. அதில் 'ஸாஃபினோ' என்று ஆங்கிலத்தில் தட்டி முடித்ததும் அந்தச் சொல் முழுவதும் ஒரே கூட்டு வடிவமாக மாறுவதை முதன்முதலில் பார்க்கும் எவரும் இன்னொரு முறை தட்டிப் பார்க்காமல் விட மாட்டார்கள். மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996-இல் அறிவித்த ஓபன்டைப் வடிவம் இந்த வசதியைப் பொதுவாக்கியது. ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்த்து வடிவத்தை மாற்றும் விதிகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கலாம். அர்ஜென்டினாவின் பாப்லோ இம்பாய்யாரி 2010-இல் வெளியிட்ட 'லாப்ஸ்டர்' இந்த வழியில் போனது: எல்லா எழுத்துகளும் எல்லாவற்றோடும் சேரும்படி ஒவ்வொன்றையும் வளைத்து ஒடிக்காமல், குறிப்பிட்ட ஜோடிகளுக்குத் தனிக் கூட்டு வடிவங்களை வரைந்து சேர்த்தார். அவருடைய 'டான்சிங் ஸ்கிரிப்ட்' எழுத்துகளைத் துள்ளவிடுகிறது. அந்தத் துள்ளலுக்கு மிஸ்த்ராலோடு உறவு உண்டு. இரண்டும் இலவசம், இரண்டையும் இன்று நம் ஊர்க் காபிக் கடைகளில் பார்க்கலாம்.

இனி பயன்பாடு. எழுத்துரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எழுதப்படும் சொற்களின் எண்ணிக்கை கூடக்கூட ஏமாற்று வெளிப்பட்டுவிடும். ஆகவே இரண்டு பெயர்கள், நடுவே ஓர் இணைப்புக் குறி, அதிகம் போனால் ஒரு வரி வாழ்த்து, அவ்வளவுதான் நான் கர்சிவுக்குக் கொடுக்கும் இடம். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதில் அமைக்கச் சொல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றும் ஏழும் சாய்ந்து சுழித்து நிற்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வழி கேட்கும் பெரியவருக்கு அது உதவாது.

நம் ஊருக்கென்றே உள்ள தலைவலி, பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தும் பின்னால் வரும் பட்டமும். கர்சிவில் ஒரு பெரிய எழுத்து ஒரு சொல்லைத் தொடங்கிவைப்பதற்காகவே வரையப்பட்டது. இடப்பக்கம் ஒரு பெரிய சுழிப்போடு கிளம்பி, வலப்பக்கம் ஒரு சிறிய எழுத்தை எதிர்பார்த்து நிற்கும். 'கே.எஸ்.' என்றோ 'பி.இ., எம்.பி.ஏ.' என்றோ அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் சுழிப்பு மற்றொன்றின் வயிற்றுக்குள் போய், படிக்கவே முடியாத சிக்கலாகிவிடும். எம்.பி.ஏ. படித்ததற்கு அந்தப் பெண் பட்ட பாடு போதாது என்று இதுவும் வேண்டுமா? நான் பட்டங்களை நிமிர்ந்த சாதாரண எழுத்துருவில், பெயரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், அடுத்த வரியில் வைத்துவிடுவேன். தலைப்பெழுத்துக்குச் சுழிப்பில்லாத மாற்று வடிவம் அந்த எழுத்துருவில் இருக்கிறதா என்று தேடுவேன். ஓபன்டைப் எழுத்துருக்களில் பலவற்றில் இருக்கும், ஆனால் மென்பொருளில் அந்தப் பலகத்தைத் திறந்து பார்த்தால்தான் கண்ணில் படும். எட் பென்கியாட் 1994-இல் செய்த 'எட்வர்டியன் ஸ்கிரிப்ட்'டை நம் பத்திரிகைக் கடைகளில் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். பெரிய எழுத்துகளை மட்டும் வைத்து அதில் ஒரு வரி முழுவதையும் அமைத்த பத்திரிகைகளை இன்றும் பார்க்கிறேன்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவது இன்னொரு கேடு. வரியின் நீளம் போதவில்லை என்று இடைவெளியை இழுத்தவுடன் கோத்திருந்த கைகள் விட்டுப் போய், ஒவ்வோர் எழுத்தின் வாலும் அந்தரத்தில் தொங்கும். கர்சிவில் இடைவெளி என்பது எழுத்துருவின் உறுப்பு, அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. வரி போதாவிட்டால் எழுத்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

அச்சுக்கும் வெட்டுக்கும் போகும்போது வேறொரு விஷயம் காத்திருக்கிறது. திரையில் தொடர்ச்சியாகத் தெரியும் கர்சிவ் சொல், உண்மையில் தனித்தனி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறி நிற்பதுதான். கறுப்பின்மேல் கறுப்பு விழுவதால் அந்த ஏற்றம் தெரிவதில்லை. அதைச் சுற்றி வெளிக்கோடு போட்டாலோ, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு அனுப்பினாலோ, இயந்திரம் ஒவ்வோர் எழுத்தின் எல்லையையும் தனித்தனியாகப் பின்தொடரும். ஒரு துணிக்கடைக்காக நான் வடிவமைத்த பெயரை, பலகை செய்தவர்கள் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் வெல்டு செய்யாமலே வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் இணைப்பிலும் வேப்பிலை வடிவத்தில் ஒரு சிறு துண்டு தனியாக வெட்டுப்பட்டு, வெயிலில் நுனி சுருண்டு, ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயிற்று. எழுத்துகளை ஒன்றாகப் பற்றவைக்கும் அந்த ஒரு சொடுக்கை மறந்தால் அக்ரிலிக் எழுத்திலும் இதே கதைதான். ஆனால் பற்றவைத்த பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், பற்றவைக்காத பிரதி ஒன்றைத் தனியே எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

தங்க ஃபாயில் அச்சில் மயிரிழைக் கோடுகள் பாதியில் விட்டுப்போகும், அல்லது சிறு கண்ணிகள் அடைத்துக்கொண்டு பொட்டாகிவிடும். ஸ்கிரீன் அச்சிலும் அப்படியே. வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழில் படம் சுருங்கும்போது முதலில் காணாமல் போவதும் அந்த மெல்லிய கோடுகள்தாம். இந்த மூன்றுக்கும் தடிமன் வேறுபாடு குறைந்த, தூரிகை வகை எழுத்துரு பாதுகாப்பானது. காபிக் கடைச் சுவரில் ஒளிரும் நியான் எழுத்துக்குக் கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அங்கே வட்டக் கையெழுத்தை நினைத்தும் பார்க்க முடியாது.

நிறுவனச் சின்னம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கோகோ-கோலாவைக் காட்டுகிறார்கள். அது எழுத்துரு அல்ல. 1886-இல் அந்தப் பானத்தை உருவாக்கியவரின் கணக்கராக இருந்த ஃபிராங்க் ராபின்சன், அன்றைய அமெரிக்காவில் வழக்கத்திலிருந்த ஸ்பென்சரியன் பாணியில் எழுதியதிலிருந்து வளர்ந்தது. அந்தப் பெயரில் இரண்டு பெரிய 'சி' வருகின்றன. இரண்டும் ஒன்றுபோல இல்லை, முதலாவதின் வால் சொல்லுக்கு அடியில் ஓடுகிறது, இரண்டாவது, பின்னால் வரும் 'எல்'லின் கண்ணிக்குள் புகுந்து போகிறது. ஒரு பெயருக்காக மட்டும் வரைந்ததால் கிடைத்த சுதந்திரம் அது. ஒரு கடைப் பெயர் இருபது ஆண்டு நிற்கப்போகிறது என்றால், எழுத்துருவை வாங்குவதைவிடக் கையால் எழுதத் தெரிந்தவருக்குக் காசு கொடுப்பதே மேல் என்று நான் சொல்வதுண்டு. சொல்லி என் வருமானத்தைக் கெடுத்துக்கொண்டதும் உண்டு.

தமிழில் இதுபோல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். ரோமன் சிறிய எழுத்துகளில் பெரும்பாலானவை கீழே வலப்பக்கம் முடிந்து, அடுத்த எழுத்துக்குக் கை நீட்டுகின்றன. ஒரே உயரத்தில் இணைப்பு வைக்க அது தோது. தமிழில் 'ட' கீழே வலப்பக்கம் முடிகிறது, 'ப' மேலே வலப்பக்கம் முடிகிறது, 'த'வும் 'ந'வும் கோட்டுக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பிவிடுகின்றன. போதாததற்குப் புள்ளி வைக்கப் பேனாவைத் தூக்க வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. எக்ஸ்கொஃபோன் மாறாமல் வைத்த அந்த ஒரே இணைப்பு உயரம் தமிழில் இல்லை. ஆகவே தமிழ்க் கையெழுத்து எழுத்துருக்கள் இணைப்பைத் துரத்தாமல் சாய்விலும் கோட்டின் தடிமனிலும் வேகத்தைக் காட்டுவதே சரி. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' அப்படித்தான் சாய்ந்து, தனித்தனியாக நின்றே, எழுதிய உணர்வைத் தருகிறது. அதிலேயே ரோமன் எழுத்துகளும் இருப்பதால் இரு மொழிப் பத்திரிகைக்கு வசதி.

ஆனால் தமிழில் சேர்த்தெழுதும் கை இல்லாமலும் இல்லை. பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். அதில் தேய்ந்து தேய்ந்து ஒரே வீச்சாகிப்போன குறிகள்தாம் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸. 2003-இல் வெளியான யூனிகோடு 4.0 இவற்றுக்கு இடம் கொடுத்தது. 'நிகழும் மங்களகரமான விசுவாவசு ௵ ஆவணி ௴' என்று இன்றும் பத்திரிகையின் முதல் வரியிலேயே இவை வருகின்றன. பல தமிழ் எழுத்துருக்களில் இந்தக் குறிகளே கிடையாது. மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போட, தடிமனும் உயரமும் ஒட்டாமல் அவை துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இப்போது நான் இந்தக் குறிகளை ஒரு பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேனாவால் எழுதி, ஸ்கேன் செய்து, பத்திரிகையின் எழுத்துருக்கு ஏற்ற தடிமனில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொள்கிறேன். ௵ குறிக்கு மட்டும், முன்னால் வரும் வருடப் பெயர் நீளமா குறுகலா என்பதைப் பார்த்துப் போட, வால் நீண்டது ஒன்றும் குட்டையானது ஒன்றுமாக இரண்டு வடிவங்கள் இருக்கின்றன.